பதிவு செய்த எண்

“ஓடிபி வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்கய்யா” என்று லேபின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சொன்னாள். ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் வந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கட்டை விரலால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார். பொய் சொல்லப்போகிறவனுக்கு முதலில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது. “வரலையே தாயி” என்றார். “போயிருச்சுன்னு காட்டுதேய்யா. எழுபத்தேழுல முடியிற நம்பரு. ஒங்களதுதான?” எழுபத்தேழு என்பதை அவள் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டதுபோல் பட்டது. திரும்பிப் பார்த்தார். மனைவி ராமுத்தாய் மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்து உட்கார்ந்து, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தி, சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஊமை டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவளுக்கு அந்த எண் இன்னாருடையது என்று தெரியாது. “எங்களதுதான். அந்தப் போனு வீட்ல இருக்கு” என்றார். “அப்ப வீட்ல இருக்கவங்களுக்குப் போனப் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க. பத்து நிமிசம்தான் செல்லும்.” “முன்னெல்லாம் பில்லக் காட்டுனா குடுத்துருவீங்களே?” “அது போன மாசம் வரைக்கும். இப்பச் சட்டம் மாறிருச்சு. ஒருத்தவுங்க ரிப்போர்ட்ட இன்னொருத்தவுங்க வாங்கிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.” சொல்லிக்கொண்டே அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “மொதல்ல எடுத்த ரத்தம், ஸ்கேனு எல்லாம் அந்த நம்பருக்குத்தான லிங்க் போயிருக்கு? தெறந்து பாத்திருக்கீங்களே. பாத்தாச்சுன்னு டிக்கு விழுந்திருக்கு.” ஒச்சப்பன் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று தெரியாமலே ஆட்டினார்.

திறந்து பார்த்திருக்கிறான். நாற்காலிக்கு வந்து உட்காரும்வரை அந்தச் சொல் அவர் கூடவே வந்து, அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டது. “என்னவாம்?” என்றாள் ராமுத்தாய். “கம்ப்யூட்டரு மெதுவா ஓடுதாம்.” “டாக்டரு மத்தியானத்தோட கெளம்பிருவாருல்ல? அடுத்த வாரந்தான வருவேன்னாரு?” “வந்துரும், பேசாம இரு.” அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இரு என்றால் பேசாமல் இருக்கிறவள்தான், இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறாள், இன்றைக்கு மட்டும் அது அவருக்கு ஏனோ சுருக்கென்றது. தன் சொந்த நம்பரை ஒச்சப்பனால் சொல்ல முடியாது. போனின் முதுகில் சின்னத் தாளில் எழுதி ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருக்கிறார், யாராவது கேட்டால் திருப்பிக் காட்டுவார். ஆனால் மச்சினன் தவசியின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தொண்ணூற்றெட்டில் தொடங்கி எழுபத்தேழில் முடியும் வரை, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே ராகத்தில் வரும். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு மேல் அவருக்கு எதுவும் நிற்கவில்லை, இது நின்றுவிட்டது. இந்த லேபுக்கு முதன்முதலில் வந்தபோது, பெயர் சொல்லுங்க, ராமுத்தாய், வயசு, அறுபத்தொண்ணு, போன் நம்பர், என்று கேட்டாள் இதே பெண்ணோ இவளைப் போன்ற வேறொருத்தியோ. சத்தியமாக அன்றைக்கு அவர் மனசில் வன்மம் ஒன்றும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பெயர், வயது, நம்பர் என்று வரிசையாகக் கேட்டதும் நாக்கு தானாகப் புரண்டு அந்த நம்பரைச் சொல்லிவிட்டது. நாய்க்குப் பழக்கின மாதிரி நாக்குக்குப் பழக்கி வைத்திருந்தார். பழக்கினவனைப் பார்த்தே அது குரைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

தவசி ராமுத்தாயின் தம்பி, கூடப் பிறந்தவன். தேனியில் சின்ன வேன் ஒன்று வைத்துக்கொண்டு வாழைத்தாரோ, வீடு மாற்றும் சாமானோ, கூப்பிட்டவர்களுக்கு லோடு அடிக்கிறான். அவன் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது அக்கா வீட்டுக்கு, அதுவும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புருஷனும் பொண்டாட்டியுமாக வந்து, “மச்சான், நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. அந்தப் பிள்ளை நடக்கப் பழகியது ராமுத்தாய் விரலைப் பிடித்து. தனக்கென்று ஒன்று பிறக்காத வீட்டில் அது லீவுக்கு வந்து போகும் நாட்கள்தான் வீடாக இருந்தன. தாம்பாளம் வரவில்லை. ஒரு நாள் பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணித் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தபோது போன் கிணுங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தால் வாட்ஸ்அப்பில் பத்திரிகை. பிள்ளையார் படம், மணமக்கள் படம், மேலே மூலையில் அம்புக்குறி மாதிரி ஒன்று. டீக்கடைக்காரனிடம் காட்டி இது என்னடா என்று கேட்டார். “அதுவா மாமா, இது ஒங்களுக்குன்னு அனுப்புனதில்ல. யாருக்கோ அனுப்புனத அப்பிடியே தள்ளி விட்டது.” தள்ளி விட்டது. அந்த அம்பு அவர் நெஞ்சில் வந்து தைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. ராமுத்தாய் பட்டுச் சேலையை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்திருந்தாள். தாம்பாளம் கொண்டு வராதவன் வீட்டுக்கு இந்த வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். ஏன் வரவில்லை, கால் முறிந்து கிடந்தானா, வண்டியோடு எங்காவது மாட்டிக்கொண்டானா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே, பதில் வந்தால் கோபத்தை எங்கே வைப்பது. அந்தத் தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன் போன் நம்பர் சொல்லுங்க சார் என்றான். எதுக்குப்பா என்றார். ஆஃபர் வந்தா மெசேஜ் வரும் சார், கூப்பிட்டுச் சொல்வாங்க. அப்போதுதான் அது தோன்றியது. தோன்றியதும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது இப்போதும் நினைவிருக்கிறது. நீ எனக்கு ஒரு மெசேஜ் தள்ளிவிட்டாயல்லவா மாப்பிள்ளை, ஊரில் உள்ள மெசேஜ் எல்லாவற்றையும் நான் உனக்குத் தள்ளிவிடுகிறேன். தவசியின் நம்பரைச் சொன்னார். அதற்குப் பிறகு மருந்துக் கடை, செருப்புக் கடை, பொருட்காட்சியில் அதிர்ஷ்டக் குலுக்கல், பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து உட்கார்ந்து பிளாட் விற்கிறவன், இலவசக் கண் பரிசோதனை முகாம், கேட்ட இடத்தில் எல்லாம் சொன்னார். கேட்காத இடத்தில் நின்று, நம்பர் வேணாமாப்பா என்று கேட்டும் சொன்னார். ஆஃபருக்குக் கூப்பிடலாமா சார், சம்மதமா என்று விவரமான கடைகளில் கேட்பார்கள். பேஷா கூப்பிடுங்க, எந்த நேரமும் கூப்பிடுங்க என்பார். சம்மதம் கொடுக்கிறதில் அவரைப் போல் தாராளமான மனுஷனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பங்காளி மூக்கன் தேனிப் பக்கம் போய் வந்து டீக்கடையில் சொன்னான்: “ஒம் மச்சினன் பொழப்பு நாறிப்போச்சுய்யா. லோடுக்குப் புதுசு புதுசாத்தான் ஆளுக கூப்புடும், எடுக்காம இருக்க முடியாது. வண்டிய ஓரங்கட்டி எடுத்தா, வணக்கம் சார், பெர்சனல் லோன் வேணுமாங்குறாளாம். கவருமெண்டு நம்பருல கம்ப்ளைண்டு குடுத்திருக்கான். அந்தக் கம்பெனிக்காரன், நீங்களேதான சார் கடையில சம்மதிச்சு நம்பரக் குடுத்தீங்க, எங்ககிட்டப் பதிவு இருக்கேன்னு சொல்லிப்புட்டானாம். எந்தச் செத்தபய எந்நம்பரக் குடுத்தான்னு தெரியலயேன்னு குதிக்கிறான்.” ஒச்சப்பனுக்குச் சிரிப்பில் புரை ஏறி, டீ மூக்கு வழியாக வந்தது. மூக்கன் முதுகில் தட்டினான். எதுக்குய்யா இப்பிடிச் சிரிக்கிற என்றான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

அந்தச் சாப்பாடு இப்போது எதுக்களித்து வருவதுபோல் இருந்தது. லோன்காரனும் பிளாட்காரனும் மட்டும்தான் அந்த நம்பருக்குப் போவார்கள் என்றல்லவா நினைத்தார். டிக்கு விழுந்திருக்கிறது என்று இந்தப் பெண் சொல்லும்வரை வேறு எதுவும் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ட்யூபில் ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குள் அமுக்கினால்தான் குமிழி விடும். இப்போது ஒன்று ஒன்றாகக் குமிழி விட்டது. ஜவுளிக்கடையில் துணி எடுத்து முடித்ததும் கல்லாவில் இருக்கிற பையன், பில்லு மெசேஜ்ல வந்துரும் சார் என்பானே. மருந்துக் கடையிலும் அப்படித்தானே சொல்வார்கள். அப்படியென்றால் அவருக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாய்ப் போனபோது வாங்கிய மாத்திரை, அதுவும் கேட்காமல் கசிய ஆரம்பித்தபோது பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் அந்தப் பஞ்சுக் கோவணம், கடையில் கூட்டமெல்லாம் போகட்டும் என்று ஓரமாக நின்று, காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லி, சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாரே, அது வீட்டுக்கு வந்து சேருமுன்னால் தேனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒருவேளை வண்டியை ஓரங்கட்டித்தான் படித்திருப்பான். லோடுமேன்களிடம் காட்டிச் சிரித்திருப்பான். மச்சான் கோவணத்துக்கு வந்துட்டாருடா. சிரிக்கட்டும், சிரிக்கட்டும், அது பட வேண்டியதுதான். ஆனால் ஸ்கேன். ராமுத்தாய் அதை எத்தனை மாதம் மறைத்து வைத்திருந்தாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஒரு நாள் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்காராமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்கு இடது பக்கம் மார்ல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதுங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க” என்றாள். யாரிடமும் என்றால் யாரிடம்? பக்கத்து வீட்டுக்காரியிடமா, மூக்கனிடமா? அவர் சொல்லவில்லை. மதுரைக்குப் பஸ் ஏறும்போதுகூட, எங்க மாமா அத்தையோட என்று கேட்டவர்களிடம் மீனாட்சி கோயிலுக்கு என்றார். இந்தக் கட்டடத்துக்குள் ஆம்பளை டாக்டர் முன்னால் அவள் ரவிக்கையை அவிழ்க்க வேண்டி வந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய வளையல் சத்தம் கேட்டது. வெளியே வந்து அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கேட்டாள். அவ்வளவு மூடி வைத்தவளுடைய உடம்பைப் பெயரோடு, வயசோடு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எழுத்தில் போட்டு, படமும் எடுத்து, கூடப் பிறந்த தம்பியின் உள்ளங்கைக்கு அனுப்பி வைத்திருக்கிறார் புருஷன். எந்த அக்காள் தம்பியிடம் அதைச் சொல்வாள்? எந்தத் தம்பி அதைப் படித்துவிட்டு ஒரு வாய் சோறு தின்பான்? திறந்து பார்த்திருக்கிறான். இங்கிலீசில் இருந்திருக்கும், புரிந்திருக்காது. இல்லை, படித்த மருமகன் இருக்கிறானே. அவனிடம் காட்டியிருப்பான். அந்தப் பிள்ளையும் பார்த்திருக்கும், அத்தையா, நம்ம அத்தையா என்று. ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது, திறந்துகொண்டார். எதிர்ச் சுவரில், உங்கள் விவரங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று தமிழில் பெரிதாக எழுதி, ஒரு பூட்டுப் படம் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தார். படித்து முடித்தபோது காது சுட்டது.

“ராமுத்தாய் கூட வந்தவுங்க!” என்று கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வந்தது. எழுந்து போனார். “டைம் முடிஞ்சிருச்சுங்கய்யா. மறுபடி அனுப்பவா?” வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அவள் தட்டிவிட்டாள். “அனுப்பிட்டேன். போட்டுக் கேட்டீங்களா?” “தாயி, நீங்களே அந்த நம்பருக்குப் போட்டு, லேப்லேருந்து பேசுறோம்னு கேட்டுரக் கூடாதா?” “ஐயோ, நாங்க கேக்கவே கூடாதுங்கய்யா. நாங்களே போனப் போட்டு ஓடிபி கேட்டா எங்கள ஏமாத்துக்காரின்னு நெனச்சுக்கிருவாங்க.” “நம்பர மாத்திக்கிற முடியாதா?” “மாத்தலாம். பழைய நம்பருக்கு ஓடிபி போகும்.” அவள் கேலி செய்யவில்லை, இருக்கிற முறையைச் சொன்னாள். “அதுவும் இல்லன்னா மெயின் ஆபீசுல எழுதிக் குடுக்கணும், ஆதாரெல்லாம் பாத்து நாலஞ்சு நாளாகும். அம்மாவுக்குச் சதை எடுத்து அனுப்புன ரிப்போர்ட்டுங்கய்யா இது. லேட் பண்ணாதீங்க.” பின்னால் நின்ற ஒரு ஆள் செருமினான். ஒச்சப்பன் ஒதுங்கினார்.

படிக்கட்டுப் பக்கம், தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்தில் போய் நின்றார். இரண்டாவது தடவையும் அவன் போன் கிணுங்கியிருக்கும். இந்நேரம் தெரிந்திருக்கும் அவனுக்கு, செத்தபய எங்கே நிற்கிறான், எதற்கு நிற்கிறான் என்று. ஜவுளிக்கடை பில் எல்லாம் உசிலம்பட்டி என்று ஊர்ப் பெயர் போட்டுத்தானே வந்திருக்கும், அப்போதே தெரிந்திருக்காதா? மூக்கன் வந்து சொன்னபோதே தெரிந்திருக்கும். தெரிந்துதான் அப்படி மூக்கனிடம் குதித்தானோ, போய்ச் சொல்லட்டும் என்று? அப்படியென்றால் ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டு, யோவ் மச்சான் ஒனக்கு வெக்கமா இல்ல என்று கேட்கவில்லை? நம்பரை ஏன் மாற்றவில்லை? தொழில் நம்பர், லோடுக்காரர்களுக்கெல்லாம் அதுதான் தெரியும், அதனால் மாற்றவில்லை. அவ்வளவுதான். இல்லை, வேடிக்கை பார்க்கிறான். இவன் குடும்பம் எப்படி இற்றுப்போகிறது என்று மெசேஜ் மெசேஜாக வேடிக்கை பார்க்கிறான். அவன் இடத்தில் இருந்தால் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். அது தோன்றியதும் அவருக்குத் தன்னைத் தொடவே கூசியது, கையைச் சட்டையில் துடைத்தார். ஒரு வாரம். நான்கைந்து நாளில் ரிப்போர்ட், டாக்டர் வர ஒரு வாரம், என்ன ஆகிவிடப் போகிறது, மாசக்கணக்கில் இருந்த கட்டி ஒரு வாரத்திலா பெருத்துவிடும். பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய்விடலாம், மெசின் ரிப்பேர் என்று சொன்னால் நம்புவாள், பேசாம இரு என்றால் இருப்பாள். ஒரு நாளும் தள்ளாதீங்க என்று டாக்டர் இவரைத் தனியாக நிறுத்திச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது மேசையில் இருந்த பேனாவைத்தான் ஒச்சப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பேனா மட்டும் தெளிவாக ஞாபகம் வந்தது. தன் மானமா அவள் மாரா என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. கேட்டது யாரும் இல்லை. ஒரு ஒப்பீட்டுக்கு நிற்கக்கூட லாயக்கில்லாத பொருளைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று இன்னொரு தடவை வெட்கப்பட்டார். விரல் அந்த எண்களை வரிசையாக அழுத்தியது. கடைசியில் ஏழு, ஏழு. இந்த நம்பரை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறார், ஒரு தடவைகூட அவர் போட்டதில்லை.

முதல் மணியிலேயே எடுத்தான். “லோனெல்லாம் வேணாங்க” என்றது குரல். “பிளாட்டும் வேணாம். கிரெடிட் கார்டு வச்சுக்கிற அளவுக்கு வசதியில்ல. வேற?”

“மாப்ள…” என்றார் ஒச்சப்பன்.

அந்தப் பக்கம் வண்டி எஞ்சின் நின்றது கேட்டது. “சொல்லுங்க மச்சான்.”

“ஒரு நம்பரு வந்திருக்கும்.”

“ரெண்டு வந்திருக்கு.”

“ரெண்டாவதா வந்தத மட்டும் சொல்லு.”

“யாருகிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா மோசம்போயிருவீங்கன்னு கீழ போட்டிருக்கே மச்சான்.”

திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவன் திட்டவில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “அக்கா பக்கத்துல இருக்கா?” என்றான்.

“உள்ள உக்காந்திருக்கு.”

“குடுங்க. அதுகிட்டச் சொல்றேன்.”

“எங்கிட்டச் சொன்னா என்ன மாப்ள, நான்தான போயி வாங்கப் போறேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது, நீ பாட்டுக்கு ஏதாச்சும்…”

“அக்கா பேருக்கு வந்திருக்கு மச்சான்” என்றான் தவசி. கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் இருந்த பெண் முறையைச் சொன்னதுபோல, இருப்பதைச் சொன்னான்.

படிக்கட்டிலிருந்து நாற்காலிவரை கொஞ்ச தூரம்தான். போனை மார்போடு அணைத்து, சத்தம் வெளியே போகாமல் பொத்திக்கொண்டு நடந்தார். இப்போது நிறுத்திவிடலாம். சிவப்புப் பொத்தானை ஒரு அழுத்து. லைன் கட்டாயிருச்சு என்று சொல்லிவிடலாம். ராமுத்தாய் இவர் வருவதைப் பார்த்து, குடுத்துட்டாங்களா என்பதுபோல் முகத்தை உயர்த்தினாள். அந்த முகத்தில் இவரைப் பற்றிச் சந்தேகம் ஒரு துளி இல்லை. அவர் பயந்தது அவள் கோபத்துக்கு அல்ல, அவளுக்குக் கோபப்படத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த முகம் வேறு மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் இந்த முகம் திரும்பி வராது என்று தெரிந்துகொண்டே கையை நீட்டுவதுதான் முடியாமல் இருந்தது. நீட்டினார். “யாரு?” என்றாள். “பேசு” என்றார்.

“அலோ” என்றாள். கேட்டாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். “தவசியா? டேய்… நீயாடா?” முந்தானை தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. “நல்லாருக்கேன்டா. நீ எப்பிடி இருக்க? பிள்ள எப்பிடி இருக்கா? …ரெண்டா? எப்பப் பொறந்துச்சு ரெண்டாவது?” பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சப்பன் எதிரே நின்று தரையின் மொசைக்கைப் பார்த்தார். “இல்லடா, அது நல்ல கொசுவலதான், கிழிஞ்செல்லாம் போகல…” என்றவள் நின்றாள். கொசுவலை. அந்தப் பில்லும் தேனிக்குப் போயிருக்கிறது, எப்போது வாங்கினார் என்று ஒச்சப்பனுக்கே மறந்துபோயிருந்தது. “ஆமா, மஞ்சச் சேலதான். அது ஒனக்கு எப்பிடிறா தெரியும்?” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒன்றும் வந்திருக்காது, அவள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அவ்வளவு குறைவு. ஆனால் அவள் பார்வை மெதுவாகத் திரும்பி, அவர் செருப்பில் தொடங்கி, வேட்டியில் ஏறி, முகத்தில் வந்து நின்றது. அவரால் நிமிர முடியவில்லை. அவள் முந்தானையை இழுத்து முன்னைவிட இறுக்கமாகப் போர்த்திக்கொண்டாள், இவருக்கு முன்னால், ஒரு அந்நிய ஆணுக்கு முன்னால் போர்த்துவதுபோல. “எல்லாத்தையும் பாத்தியா?” என்று போனில் கேட்டாள், மிகவும் சன்னமாக. பிறகு, “அழாதடா. வண்டியில இருக்கியா? ஓரமா நிக்கிறியா? அழாத” என்றாள்.

கண்ணாடிக்கு முன்னால் அவளே போய் நின்றாள். அவர் பின்னால் போகவில்லை. அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, இவள் ஒவ்வொன்றாக வாங்கி, சிந்திவிடாமல் அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். “மூணாம்… சைபராம்… ஒம்பதாம்… ஒம்பதுதானடா? ஒம்பதுதானாம்.” பெண் தட்டினாள். உள்ளே ஒரு மிஷின் தாளைத் துப்பியது. பெண் அதை மடித்து உறையில் போட்டு, “அம்மா, இனிமேயும் ரிப்போர்ட்டெல்லாம் இதே நம்பருக்கே அனுப்பலாமா? மாத்தணுமா?” என்றாள். ராமுத்தாய் திரும்பிப் பார்ப்பாள் என்று ஒச்சப்பன் நினைத்தார். எதைக் கேட்டாலும் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். திரும்பவில்லை. “இதே இருக்கட்டும் தாயி” என்றாள். “எங்க மெடிக்கல் கேம்பு, தள்ளுபடி, அந்த மாதிரி மெசேஜு, காலெல்லாம் வரலாமாம்மா? ஒங்க சம்மதம் கேக்கணும், அதான்.”

“அது என் நம்பரில்லயே” என்றாள் ராமுத்தாய். “இருங்க, நம்பருக்காரன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்.” போனுக்குள் கேட்டாள்: “தம்பி, ஒன் போனுக்கு என்னென்னமோ அனுப்புவாங்களாம், கூப்பிடுவாங்களாம். சரிதானான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?”

இத்தனை வருஷத்தில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஒச்சப்பன் சுவரோரமாக நின்று, தானும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார். ராமுத்தாய் கேட்டு முடித்துத் தலையை ஆட்டினாள்.

“ரிப்போர்ட்டு மட்டும் அனுப்பச் சொல்றான் தாயி. மத்தது ஒண்ணும் வேணாமாம்.”

உறையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள். ஒச்சப்பன் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய், போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் அதை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு, “சொல்லுடா, கேக்குது” என்றாள்.